மூலையில் அச்சாகும் தேதி

அந்தச் சின்னப் பெட்டி கம்ப்யூட்டர் திரையின் நடுவில் வந்து நின்றதும் நான் முதலில் பார்த்தது என் கைகளைத்தான். ஈரக்கையோடு எதையாவது தொட்டுவிட்டேனோ என்று. கை காய்ந்துதான் இருந்தது. செருப்பைப் பார்த்தேன். வாசலிலேயே கழற்றியிருந்தேன். என் பக்கம் ஒரு தப்பும் தென்படவில்லை. அதனாலேயே பயம் கூடிவிட்டது.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஆடி பிறந்து நான்காம் நாள். ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போட்டு, அட்டை அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். கடை என்றால் நானும் முதலாளியும்தான். நான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைனை வரைவேன். அது தாளில் அச்சாகி வரும். அதைப் பார்த்து முதலாளி பின்னறையில் அட்டையில் துளை போடுவார். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்துத் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், துளை உள்ள இடத்தில் நூல் எழும்பும், இல்லாத இடத்தில் படுத்திருக்கும். புடவையில் மயிலும் மாங்காயும் வருவது அப்படித்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கிராப் தாளில் சிவப்புப் பென்சிலால் கட்டம் நிரப்பும் வேலைக்குப் போய்ப் பல வருடம் நிரப்பிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று முதலாளி, "கட்டம் தெரிஞ்சவதானே, நீயே ஒக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த டிசைன் மென்பொருளில் வருகிற ஆங்கில வார்த்தைகள் எனக்குத் தெரியும். அதற்கு வெளியே இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பொருள் விளங்காது.

பெட்டியில் இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் பதினேழு என்ற எண். இரண்டாவது வரி எனக்கு உருவத்திலேயே தெரிந்த வரி. மென்பொருளோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எல்லாக் கோளாறுக்கும் நேரே அந்த ஒரே வரிதான் அச்சாகியிருக்கும். உங்களுக்கு விற்றவரைக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம் என முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

விற்றவர் எண்ணை முதலாளி சுற்றினார். மறுமுனையில் எடுத்தவர் மாவு மில்காரர்.

"கம்ப்யூட்டர் கம்பெனிங்களா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. நம்பர் மாறி எங்கிட்ட வந்து ஆறு மாசமாவுது. சேலத்துலேந்து ஒருத்தரு, காஞ்சிபுரத்துலேந்து ரெண்டு பேரு, இப்ப நீங்க. எனக்கு கோதும அரைக்கத் தெரியும், அவ்ளோதான்."

"அவங்க எங்க போனாங்கன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா நானே போயி நம்பர அவங்க கையில குட்த்துட்டு வந்துட மாட்டனா?"

முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா பண்ண நேத்து?"

நான் பயந்ததற்குக் காரணம் அவர் கேள்வி அல்ல. முள்ளிப்பட்டு அக்கா.

முள்ளிப்பட்டில் சொந்த வீட்டில் தறி போட்டிருப்பவர் அவர். ஊரில் உள்ள பெரிய நெசவுக்காரர் ஒருவர் கொடுக்கும் பாவு நூலை நெய்து கொடுப்பதுதான் வேலை. வருடக்கணக்காக யார் யார் வீட்டுப் பெண்களுக்கோ கூறைப்புடவை நெய்தவர். அவருடைய மகளுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். அடுத்த பாவு ஆவணி ஒன்றாம் தேதிதான் தறியேறும், அதுவரை உன் தறி உனக்கு, மகளுக்கு ஒன்று நெய்துகொள் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அக்கா ஆனி மாதமே எங்கள் கடைக்கு வந்து டிசைன் சொன்னார். உடம்பில் சின்னப் புட்டா போதும். முந்தியில் வரிசையாக ஐந்து தேர் வேண்டும், சக்கரத்தில் ஆரக்கால் எண்ணும்படி தெரிய வேண்டும். உடம்பும் பார்டரும் முடிந்துவிட்டன. தேர் பாதி வரைந்த நிலையில் மென்பொருளுக்குள் இருந்தது. மென்பொருள் திறக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகள். கையால் போட்டால் ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விடும்.

முந்தியில்லாமல் ஒரு கூறைப்புடவை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் எழுதுவேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் முந்தின நாள் நடந்ததையெல்லாம் எழுதினேன். சாயங்காலம் இடி. டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. மவுஸ் புதிது, போட்டு இரண்டு நாள்தான். ஊதுவத்திச் சாம்பல் மேசையில் விழுந்தது. பல்லி ஒன்று மானிட்டரின் பின்னால் போனது, திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை.

பல்லியைத் தவிர மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பழைய மவுஸை மாட்டினேன். சாம்பலைத் துடைத்தேன். கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு பூட்டு இருக்கும். தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது செருகியிருந்தால்தான் மென்பொருள் வேலை செய்யும், காசு கொடுக்காமல் நகலெடுத்தவர்களிடம் ஓடாது. இடியில் அதுதான் போயிருக்கும் என்றார் முதலாளி. கழற்றி, ரப்பரால் அதன் கால்களைத் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினேன். பதினேழு. பல்லி தானாகவே வெளியே வந்து சுவரேறிப் போனது. அப்போதும் பதினேழு.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குமேல் பயத்தின் ஓரத்தில் வேறொன்று ஒட்டிக்கொண்டது. எல்லாக் கோளாறுக்கும் ஒரே வரியை எழுதியவர்கள் எண்ணை மட்டும் ஏன் வேறு வேறாகப் போட்டார்கள்? பதினாறு என்றால் என்ன, பதினெட்டு என்றால் என்ன? வேண்டுமென்றே பூட்டைக் கழற்றிவிட்டு மென்பொருளைத் திறந்து பார்த்தேன். பெட்டி வந்தது. எண் நான்கு. மறுபடி செருகினேன். பதினேழு.

"மொதலாளி, பூட்டு இல்லேன்னா நாலுன்னு சொல்லுது. இருந்தா பதினேழுன்னு சொல்லுது. அப்ப பூட்டு நல்லாத்தான் கீது போல."

"நாலோ பதினேழோ, தொறக்கல இல்ல?"

"தொறக்கல. ஆனா அதுக்கு வித்தியாசம் தெரியுது."

"ஒனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சந்தோசம்?" என்றார் அவர். சந்தோஷம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று சாப்பாடு இறங்கியது.

எங்கள் ஊரில் அதே மென்பொருள் இன்னொரு கடையிலும் இருந்தது. அது முதலாளியின் மைத்துனர் கடை. இருவருக்கும் பேச்சு இல்லை. நம் டிசைன் அங்கே போனால் ஒரு வாரத்தில் பஜாரில் புடவையாகத் தொங்கும் என்பது முதலாளியின் நம்பிக்கை. ஆடி ஆறாம் நாள் அவர் களம்பூருக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். பூட்டை மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அந்தக் கடைக்குப் போனேன். டிசைன் எதையும் எடுத்துப் போகவில்லை, அதனால் துரோகம் இல்லை என்று வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்து டிசைன் போடுகிறவன் வாயாடி. கைக்குட்டையை அவிழ்த்ததும் சிரித்தான்.

"இன்னாக்கா, தாலி முடிஞ்சிகினு வந்த மாரி கீது."

"ஒரு தடவ மாட்டிப் பாத்துட்டுக் குடுத்துடு."

"ஒங்க மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீங்க வந்தது எனக்கும் தெரியாது."

அவனுடைய பூட்டைக் கழற்றிவிட்டு எங்களுடையதைச் செருகினான். மென்பொருள் சட்டென்று திறந்தது. பூட்டு நன்றாக இருக்கிறது, கோளாறு எங்கள் கம்ப்யூட்டருக்குள்தான். இதை நோட்டில் எழுதினேன். பிறகு அவன் திரைக்கும் எங்கள் திரைக்கும் என்ன வித்தியாசம் என்று இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், கிராப் தாளைப் பார்ப்பது போல ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னாக்கா, கண்ணு டெஸ்டா?" என்றான்.

கடைசிக் கட்டம் வலது கீழ் மூலை. மணி இருந்தது. அதன்மேல் மவுஸை வைக்கச் சொன்னேன். தேதி வந்தது. ஜூலை இருபத்திரண்டு. எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் அன்று ஜூலை பன்னிரண்டு.

அதை வைத்தவள் நான். என் நோட்டில் பல்லி இருந்தது, அது இல்லை.

நடந்தது இதுதான். ஆடி மூன்றாம் நாள் அக்கா கடையில் இருக்கும்போது உடம்புக்கும் பார்டருக்கும் தாளை அச்செடுத்தேன். அட்டைக் கட்டோடு அந்தத் தாளையும் சுருட்டிக் கொடுப்பது வழக்கம். அட்டை கிழிந்தால் பார்த்து வேறு அடித்துக்கொள்ளலாம். தாளின் மூலையில் மஞ்சள் தடவித்தான் நெசவுக்காரர்கள் தறியோரம் செருகுவார்கள். கையால் போட்ட காலத்தில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. இந்த மென்பொருளோ அதே மூலையில் அன்றைய தேதியைத் தானாக அச்சடிக்கும்.

அக்கா மூலையைப் பார்த்ததும் முகம் மாறிப்போனார். "பத்தொம்போது ஏழுன்னா ஆடி மூணுதானே? ஆனியில சொன்ன பொடவ இது. ஆடியில ஆரம்பிச்ச மாரி இல்ல நிக்குது. இதுமேலயா மஞ்சா வைக்கிறது?"

கல்யாணக் காரியம் எதையும் ஆடியில் தொடங்க மாட்டோம். எனக்கும் அது மனசுக்கு ஒப்பவில்லை. திரையின் மூலையில் தேதியை ஜூலை ஒன்பதுக்கு மாற்றினேன். ஆனி இருபத்தைந்து, வளர்பிறை. மென்பொருளை மூடாமலேயே மறுபடி அச்செடுத்தேன். அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார். முந்திக்கும் அதே மாதிரி வரட்டும் என்று தேதியை அப்படியே விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் கை வைத்ததாகவே அது என் மனதில் பதியவில்லை. நல்ல நாள் பார்த்ததாகத்தான் பதிந்திருந்தது.

கடைக்கு ஓடிவந்து தேதியை இருபத்திரண்டுக்கு மாற்றினேன். திறந்தது. தேர் பாதியில் நின்றிருந்தது, ஒரு கட்டம்கூடக் குறையாமல்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பயந்தவள் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தேதிதான் காரணமா, இல்லை தற்செயலாகத் திறந்ததா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூடிவிட்டு, தேதியைப் பின்னால் தள்ளி, மறுபடி திறந்தேன். பதினேழு. இந்தத் தடவை கீழே புதிதாக ஒரு வரி, அதில் 1 என்ற எண். முன்னால் திருப்பினேன், திறந்தது. அந்த வரியை எழுத்து எழுத்தாகத் தாளில் எழுதிக்கொண்டு எதிர்ப்புறம் மருந்துக்கடைக்காரரிடம் போய்க் காட்டினேன்.

"தேதிய இப்படிப் பின்னால தள்ளுனா இன்னும் ஒரே ஒரு தடவைதான் மன்னிக்குமாம்மா. அப்புறம் தொறக்காதாம்" என்றார்.

களம்பூரிலிருந்து திரும்பிய முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைத்துனர் கடைக்குப் போனதையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்தால் அதற்கு வேறு தனியாகப் பயப்பட வேண்டும்.

"அவங்கடையில கம்ப்யூட்டர் புச்சா?" என்றார் அவர்.

"பழசுதான்."

"சரி." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏழாம் நாள் அக்கா அட்டைக் கட்டை வாங்க வந்தார். முந்தித் தாளில் ஆனித் தேதி போட முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். நேற்று வரை தனக்கு என்ன தேதி என்று எங்கேயோ அது குறித்து வைத்திருக்கிறது, பின்னால் போனால் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறது என்றேன். மென்பொருளைக் குறிப்பிட்ட நாளுக்குமேல் ஓட்டுகிறவர்கள் தேதியைத் திருப்பி வைப்பார்களாம், அதற்காகச் செய்த காவல் என்று வாயாடி சொல்லியிருந்தான்.

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் மானிட்டருக்கு அருகில் குனிந்து பார்த்தார். "நாம பொய் சொன்னது அதுக்குத் தெரிஞ்சிபோச்சா?"

"தெரிஞ்சிபோச்சுக்கா."

"எங்க எழுதி வச்சிகினு கீது?"

"அதான் எனக்கும் தெரியல. தேடிப் பாத்துட்டேன்."

முதலாளி பின்னறையிலிருந்து, "மூலையக் கத்திரியால நறுக்கிக் குட்த்துட்டா போச்சு. இதுக்குப் போயி பேஜாரு" என்றார்.

"நறுக்கின காயிதத்த வச்சா கல்யாணப் பொடவ நெய்வாங்க? ஒங்க ஊட்ல நெய்வீங்களா?" என்றார் அக்கா. பின்னறையில் துளை போடும் சத்தம் மறுபடி தொடங்கியது. அக்கா விரல்விட்டு எண்ணினார். உடம்பு நெய்து முடிய எப்படியும் ஆடி பத்தொன்பது, இருபது ஆகும். முந்தி அதற்குப் பிறகுதான். "ஆடிப் பதினெட்டு அன்னிக்கு எடு. அன்னிக்கு எது தொட்டாலும் பெருகும். நெசமான தேதியே போடட்டும், அதுவும் சண்டை போடாது."

எனக்கோ தேர்களை முடித்த உடனே அச்செடுத்துவிட வேண்டும் என்று கை துடித்தது. திறந்திருக்கிறது, நாளைக்குத் திறக்குமா யார் கண்டது? ஒரே மன்னிப்பு பாக்கி. "நடுவுல ஏதாவது ஆயிட்டா?" என்றேன்.

"ஆனா ஆவட்டும். முந்தி இல்லாத பொடவயத்தான் கட்டுவா. நீ ஏன் இப்பவே அழுவற?" அக்கா அட்டைக் கட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். சொன்னது எனக்காக. வாசல் தாண்டியதும் ஒரு தடவை திரும்பி மானிட்டரைப் பார்த்ததை நான் கவனித்தேன்.

தேர்களை இரண்டு நாளில் முடித்துவிட்டேன். மிச்ச நாட்களில் எனக்கு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டரை அணைத்து, சுவரில் சுவிட்சையும் அணைத்த பிறகு, மறுநாள் காலையில் அதற்குத் தேதி எப்படித் தெரிகிறது? யார் எண்ணுகிறார்கள்? வாயாடிதான் சொன்னான், உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, அது தூங்காமல் எண்ணிக்கொண்டிருக்கும் என்று.

"அது செத்துப்போனா?"

"தேதி ரொம்பப் பின்னால போயிடும்க்கா. பல வருசம்."

அன்றிலிருந்து காலையில் கடை திறந்ததும் நாள்காட்டியில் தாளைக் கிழிப்பேன், கம்ப்யூட்டரைப் போடுவேன், கிழித்த தேதியும் திரையின் மூலையும் ஒன்றா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் மென்பொருளைத் தொடுவேன். "பஞ்சாங்கம் பாக்க ஆரம்பிச்சிட்டா" என்று முதலாளி கிண்டல் செய்வார். நாளாக நாளாக எனக்கு ஒன்று தெரிந்தது. கடிகாரம் தினமும் சில நிமிடம் பின்தங்கிக்கொண்டே வந்தது. நோட்டில் எழுதி வைத்தேன். ஏழு நிமிடம். பதினொன்று. இருபது. முதலாளியிடம் காட்டினேன். புதுப் பேட்டரி போடலாம் என்றார். கழற்றும்போது என்ன ஆகுமோ என்று நான்தான், பதினெட்டு முடியட்டும் என்று தடுத்தேன். அது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை.

பதினெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் படவேட்டுப் பக்கம் கருத்து வந்து நல்ல மழை. கரண்ட் போனது. காலையில் வந்துவிட்டது. அக்கா எனக்கு முன்பே கடை வாசலில் நின்றார், தலையில் கனகாம்பரம், கையில் மஞ்சள் முடிச்சு. நாள்காட்டியைக் கிழித்தேன். ஆகஸ்டு மூன்று. கம்ப்யூட்டரைப் போட்டேன். நடுவில் கறுப்புத் திரையில் ஏதோ கேட்டு நின்றது, ஒரு விசையை அழுத்தினேன். மூலையில் மவுஸை வைத்தேன்.

ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி ஒன்று.

மென்பொருளின் படம் அங்கே திரையில், தினமும் இருக்கும் இடத்தில் இருந்தது. பத்து நாளுக்கு முந்திய நானாக இருந்தால் உட்கார்ந்ததுமே இரண்டு தடவை தட்டித் திறந்திருப்பேன். கடைசி மன்னிப்பும் அன்றோடு போயிருக்கும்.

"இன்னாம்மா, கைய எடுத்துட்ட?" என்றார் அக்கா.

"பேட்டரி போயிடுச்சுக்கா. தேதி சரி பண்ணிட்டுத் தொறக்கறேன். பேசாதீங்க கொஞ்சம்."

வருடம், மாதம், நாள். நாள்காட்டித் தாளை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினேன். மணி எவ்வளவு என்று மட்டும் முதலாளியைக் கேட்டேன். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு விலகி நின்றார். எல்லாம் சரியா என்று மூன்று முறை பார்த்தேன். அக்காவையும் ஒரு முறை படித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று, எட்டு என்றார். திறந்தேன். தேர் வந்து நின்றது.

பிரிண்டரில் நீளத் தாள் வெளியே வர வர அக்கா இரு கையாலும் ஏந்திக்கொண்டார். மூலையில் மஞ்சள் வைத்து முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி அன்று டீக்குக்கூட எழுந்து போகவில்லை. இருபத்தொன்றாம் நாள் காலையில் அட்டைகள் முள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறின. அதற்குள் கடிகாரக் கடையில் கேட்டு ஒரு புதுப் பேட்டரியும் போட்டாயிற்று.

ஆடி கடைசி வாரத்தில் அக்கா தறியிலிருந்து அறுத்த புடவையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மேசையைத் துடைத்து, முந்தியை மட்டும் விரித்தார். ஐந்து தேர். அக்காவும் முதலாளியும் கல்யாணப் பந்தல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முதல் தேரின் சக்கரத்தில் ஆரக்கால்களை எண்ணினேன், எட்டு. இரண்டாவதில் எட்டு. ஒரு வரி தள்ளியிருந்தால் எந்தத் தேரில் தெரியும் என்று யோசித்துக்கொண்டே மூன்றாவதற்குப் போனேன்.

"எண்ணு, எண்ணு" என்றார் அக்கா. "நான் தறியிலயே ரெண்டு தடவ எண்ணிட்டேன்."